துண்டுக்குள் வந்த மூணாங்கை

மழை என்று ஒன்று உண்டென்பதைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படம் காட்டித்தான் பிள்ளைகளை நம்பவைக்க வேண்டியிருந்த அந்த வருஷத்தில், வைக்கோல் லாரி வருமா வராதா, எல்லைச் செக்போஸ்ட்டை நாளைக்குத் திறப்பார்களா மூடுவார்களா, வடக்கே எங்கோ கிளம்பியிருப்பதாகச் சொன்ன மாட்டம்மை ஆற்றைத் தாண்டுமா தாண்டாதா என்று எதுவுமே எவருக்கும் தெரியாமல், விற்கக் கொண்டுவந்த மாட்டை விற்காமல் ஓட்டிப் போவதும், போன வழியிலேயே மனம் மாறித் திரும்பி வருவதுமாகத் தொட்டம்பாறை சந்தைக்கு வந்த சனமெல்லாம் குழம்பிக் கிடந்த ஒரு வியாழக்கிழமை, தரகன் சென்னியப்பனின் துண்டுக்குள் மூன்றாவதாக ஒரு கை வந்தது.

தொட்டம்பாறையில் மாட்டு விலையை வாயால் சொல்லும் வழக்கம் கிடையாது. தரகன் விற்பவரின் கையைப் பிடித்து, தோளில் கிடக்கும் துண்டை எடுத்து மேலே போடுவான். எந்த விரலைப் பிடித்தால் எவ்வளவு என்பது துண்டுக்குள் நடக்கும் பேச்சு. பிறகு வாங்குபவரிடம் போய் அதே போல. சுற்றி எத்தனை பேர் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றாலும் உள்ளே பேசியது அந்த இரண்டு கைகளுக்கு மட்டும்தான் தெரியும். அப்படி ஒரு கிழட்டு எருமைக்கு விலை பேசிக்கொண்டிருந்தபோதுதான் எருமைக்காரர், "ஏப்பா சென்னியப்பா, உனக்குக் கை ரெண்டா மூணா?" என்று கேட்டார். சென்னியப்பனின் இன்னொரு கை எல்லாரும் பார்க்க இடுப்பில் இருந்தது. துண்டை எடுத்துப் பார்த்தார்கள். அவன் கையும் அவர் கையும்தான் இருந்தன. மறுபடி போட்டார்கள். சின்னக் கை, வேலை செய்து காய்த்த கை, வெதுவெதுப்பாக வந்து எருமைக்காரரின் சுண்டுவிரலைப் பிடித்து இழுத்தது.

எருமையை விற்றுவிடச் சொல்கிறது போலிருக்கிறது என்று அவர் விற்றார். அடுத்த சந்தைக்குள் எருமை விலை பாதிக்கு வந்துவிட்டது. இன்னொருவரின் புறங்கையில் அந்தக் கை மெல்லத் தட்டியது. பொறுத்திரு என்கிறது என்று அவர் கிடாரியை ஓட்டிக்கொண்டு போனார். செக்போஸ்ட்டைத் திறந்தார்கள், மலையாளத்து வியாபாரிகள் வந்து குவிந்தார்கள், கிடாரி அவருக்கு வீட்டுக்குக் கூரை போட்டுக் கொடுத்தது. இழுத்தால் விற்கணும், தட்டினால் பொறுக்கணும் என்று சந்தை பாடம் படித்துக்கொண்டது. கைக்கு மூணாங்கை என்று பெயரும் வைத்தாயிற்று.

அது எங்கிருந்து வருகிறது என்று யாரும் அதிகம் கவலைப்படவில்லை. வருகிற கைக்கு என்ன மரியாதை செய்வது என்பதுதான் கவலையாக இருந்தது. சாணிக் கையோடு துண்டுக்குள் போவது நன்றாக இருக்காது என்று சந்தை வாசலில் சோப்பும் வாளித் தண்ணீரும் வைத்தார்கள். சவரக் கடைக்காரர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு நகம் வெட்டிவிட ஆரம்பித்து, அதிலேயே சவரத்தைவிட நல்ல வருமானம் பார்த்தார். ஆண் கையா பெண் கையா என்று டீக்கடையில் பெரிய சண்டை வந்து, பெண் கைதான் என்று முடிவாகும்போலிருந்த சமயம், அப்படியானால் என் வீட்டுக்காரர் இனி சந்தைக்குப் போக வேண்டாம் என்று நாலைந்து வீடுகளில் தடை விழவே, ஆண் பெண் என்று எதுவும் இல்லை, கை கைதான் என்று பெரியவர்கள் தீர்த்து வைத்தார்கள். சந்தைக் குத்தகைக்காரர் தலைக்கு இவ்வளவு என்று சுங்கம் வாங்குகிறவர். தலையே இல்லாத இதற்கு எப்படி வாங்குவது என்று யோசித்து யோசித்து விட்டுவிட்டார். ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் கன்றுக்குட்டி வாங்குகிற சாக்கில் உள்ளே கையை விட்டு, மனசுக்குள் தன் தீபாவளிச் சரக்கைப் பற்றிக் கேட்டதற்கு, மூணாங்கை அவர் உள்ளங்கையில் நன்றாக ஒரு கிள்ளு கிள்ளி அனுப்பியது.

மற்ற தரகர்களின் துண்டுக்குள் அது வரவில்லை. சென்னியப்பனின் துண்டை இரவல் வாங்கிப் பார்த்தார்கள், அதற்கும் வரவில்லை. அவன் இருந்தால்தான் வந்தது. நேற்றுவரை "ஏய் தரகா" என்று கூப்பிட்டவர்கள் அவனை "வாங்கண்ணா" என்றார்கள். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து இடம் விட்டார்கள். சொந்தமாக ஒரு மாடுகூட இல்லாதவன், எல்லாரும் பேசி முடித்த பிறகு பேச வேண்டியவன், அவன் வாயைத் திறந்தால் சந்தையே வாயை மூடிக்கொண்டது. அது அவனுக்குப் பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது என்பதை மறைக்கத்தான் அவன் தலையைக் குனிந்தே நடந்தான். அதையும் அடக்கம் என்று பாராட்டினார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததில் சனத்துக்கு முடிவு செய்கிற பழக்கமே விட்டுப்போயிற்று. எந்த மாட்டையும் வாயைப் பிளந்து பல் பார்ப்பதில்லை, மடியைத் தொட்டுப் பார்ப்பதில்லை. டீக்கடைக்காரர், "வடையா போண்டாவா?" என்று கேட்டால்கூட வரிசையில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

பாவாத்தாள் வந்தது அந்தச் சமயத்தில்தான். லாரி ஓட்டிக்கொண்டு வடக்கே போகிற அவள் புருஷன் பொங்கலுக்கும் ஊர்த் திருவிழா நோம்பிக்கும் தலைகாட்டுவதோடு சரி. பட்டியில் நின்ற பசுக்கள் எல்லாம் அவள் ஒற்றைப் பசுவிலிருந்து வளர்த்தெடுத்தவை. செவலை, அதன் மகள் மயிலை, மயிலையின் பிள்ளைகள் என்று ஒரு குடும்பமாகவே ஓட்டி வந்திருந்தாள். தீவனம் எட்டாத விலைக்குப் போய்விட்டது. அம்மை வந்தால் மொத்தமும் போகும். மழை வந்தால் இதே பசுக்கள் பொன்னாகும். பொம்பளை கையைத் தரகன் துண்டுக்குள் பிடிக்கக் கூடாது என்பது சந்தை வழக்கம் என்பதால், பெண்கள் தங்கள் விலையைத் தரகன் காதில் சொல்லிவிட்டுத் தள்ளி நிற்பார்கள்; அவன்தான் போய் வாங்குபவரிடம் கை போடுவான். உள்ளே என்ன நடந்தது என்பது அவன் வந்து சொன்னால்தான் உண்டு.

"அண்ணா, ஒண்ணு சொல்லிப்போடறேனுங்க" என்றாள் பாவாத்தாள். "விக்கச் சொன்னா விக்கறேன். வெச்சிருக்கச் சொன்னா கடனோ ஒடனோ வாங்கி வெச்சிருக்கறேன். தெரியலைன்னா தெரியலைன்னே சொல்லிப்போடுங்க. அதுக்கு வேற ரோசனை வெச்சிருக்கறேன்."

"அதென்ன ரோசனை அம்மிணி?"

"மலை மேல எங்க பெரியம்மா பட்டி இருக்குதுங்க. புல்லு அரைவயித்துக்குத்தான் காணும். ஆனா இந்தச் சீக்கு அங்க ஏறாதுன்னு எனக்குத் தோணுது. தோணறதுதானுங்க, நிச்சயமில்லீங்க. எல்லாத்தையும் ஓட்டீட்டுப் போயி நானும் அதுககூடவே கெடந்துக்குவேன்."

"தோணறத வெச்செல்லாம் யாவாரம் பண்ண முடியுங்களா அம்மிணி?" என்று சென்னியப்பன் சிரித்தான். அவளும் கூடச் சிரித்தாள்.

வாங்க வந்தவன் செங்கோடன். பக்கத்து ஊர்க்காரன், பால் பண்ணை வைக்கிறேன் என்று புதுசாகத் தகரக் கொட்டகை போட்டுவிட்டு, எதைக் கட்டுவது எப்போது கட்டுவது என்று வாரக்கணக்கில் சந்தையைச் சுற்றிக்கொண்டிருந்தவன். சென்னியப்பன் அவன் கையைப் பிடித்துத் துண்டைப் போட்டான். கூட்டம் சுற்றி நின்றது. மூணாங்கை வந்தது.

அது இழுக்கவில்லை. தட்டவும் இல்லை. சென்னியப்பனின் ஆள்காட்டி விரலைத் தேடிப் பிடித்துக்கொண்டு நடுங்கியது. திருவிழாவில் தாயைத் தொலைத்த குழந்தை கிடைத்த விரலைப் பிடித்துக்கொள்கிற மாதிரி, விடாமல், வியர்த்துப்போய்ப் பிடித்துக்கொண்டு நடுங்கியது. அதற்குத் தெரியவில்லை. அம்மை வருமா மழை வருமா என்று அதற்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதை அது மறைக்கவும் இல்லை. செங்கோடன் சட்டென்று நிமிர்ந்து சென்னியப்பனைப் பார்த்தான். அவன் கையும் அங்கேதானே இருக்கிறது, அவனுக்கும் தெரிந்துவிட்டது. பார்த்தவன் பார்வையைத் திருப்பி மாட்டுக் கொம்பைப் பார்க்க ஆரம்பித்தான்.

வெளியே வந்து, தெரியலையாம் என்ற ஒற்றை வார்த்தையைச் சொல்லியிருக்கலாம். அவள் கேட்டதும் அதைத்தான். ஆனால் சுற்றி நின்ற கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் வாயையே பார்த்தது. இன்றைக்குத் தெரியவில்லை என்று சொன்னால் நாளைக்கு யார் எழுந்து இடம் விடுவார்கள் என்று ஒரு நினைப்பு குறுக்கே ஓடியது. அந்த நினைப்பு ஓடி முடிவதற்குள் அவன் விரலை உதறிக்கொண்டு துண்டை உருவி, "விக்கச் சொல்லுது" என்றான்.

"நெசமாவே அப்படித்தான் சொல்லுச்சுங்களா?" என்றாள் பாவாத்தாள்.

"சுண்டுவெரலப் புடிச்சு இழுத்துச்சு அம்மிணி. எல்லாத்தையும் குடுத்துரு."

செங்கோடன் மடியிலிருந்து பணத்தை எடுத்தான். விலை குறைச்சலாக இருந்தது. வாயை மூடிக்கொண்டிருப்பது தன் சாமர்த்தியம் என்று அவன் அன்றைக்கு நினைத்திருக்க வேண்டும். மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்கிற வழக்கம் இல்லை என்பதால், பாவாத்தாள் ஒவ்வொரு பசுவின் கழுத்திலிருந்தும் கயிற்றை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, தோள் நிறையக் கயிறோடு வந்த வழியே நடந்து போனாள்.

அடுத்த வியாழக்கிழமையிலிருந்து மூணாங்கை வரவில்லை. சென்னியப்பன் துண்டைப் போட்டுவிட்டு எத்தனை நேரம் காத்தாலும் உள்ளே இரண்டு கைகள்தான் இருந்தன. பயந்துபோய், அவனே தன் விரலால் எதிராளியின் சுண்டுவிரலை இழுத்துவிட்டு, "விக்கச் சொல்லுதுங்க" என்றான். இப்போது மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தான். எதிராளி அவன் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஆமாமா, இழுத்துச்சு, நல்லாவே இழுத்துச்சு" என்று சத்தமாகச் சொன்னார். சென்னியப்பனுக்கு முதலில் விளங்கவில்லை. அவர் பாலில் தண்ணீர் கலக்கிறவர். இழுத்தது தரகன் விரல்தான் என்று தெரிந்தும், கை அவனுக்கு வந்திருக்கும், தன் பாவத்தினால்தான் தனக்கு மட்டும் வராமல் போய்விட்டது என்று எண்ணிக்கொண்டார், பாவம். அடுத்து வந்தவர் அண்ணன் நிலத்து வரப்பை அரையடி தள்ளி வைத்தவர், அவரும் தலையாட்டினார். அதற்கடுத்தவர் மாமியாருக்குச் சோறு போடாதவர். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரிடமும் ஏதாவது ஒன்று இருந்தது. வராத கை வந்ததாகச் சொல்லிவிட்டு, நகம் வெட்டிய சுத்தமான கையைச் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டு, எவர் கண்ணையும் பார்க்காமல் சந்தையை விட்டுப் போனார்கள். ஒரு ஊரே வெட்கப்பட்டுக்கொண்டு ஊமையாக இருந்தது. அந்த வெட்கத்துக்கெல்லாம் காரணகர்த்தா தான்தான் என்று தெரிந்த ஒரே ஆள் வாரா வாரம் துண்டை விரித்துக்கொண்டிருந்தான்.

பிறகு அம்மை ஆற்றைத் தாண்டியது. முதலில் இறங்கியது செங்கோடனின் புதுக் கொட்டகையில். செவலையும் மயிலையும் அதன் பிள்ளைகளும் உடம்பெல்லாம் கட்டி கட்டியாக வீங்கி, தண்ணீர்கூட இறங்காமல், ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. தொட்டம்பாறை சனம் சென்னியப்பனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. பாவாத்தாளைக் காப்பாற்றிவிட்டான், தக்க சமயத்தில் விற்கச் சொன்னான், என்ன கை, என்ன வாக்கு! டீக்கடைக்காரர் அவனிடம் காசு வாங்க மறுத்தார். ஒவ்வொரு பாராட்டும் அவனுக்குச் செருப்படியாக விழுந்தது. வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. சொன்னால் அதற்கும் பாராட்டினார்கள்.

பாவாத்தாளே ஒருநாள் வந்தாள். "உங்க புண்ணியத்துல அதுக சாகறதக் கண்ணால பாக்காமத் தப்பிச்சேனுங்கண்ணா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து சென்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. பெண்டாட்டி, "என்னாச்சுங்க உங்களுக்கு?" என்று கேட்டதற்கு, வெயில் என்றான்.

அதற்கப்புறம்தான் மலைக்குப் போய்வருகிற பால்வண்டிக்காரர் டீக்கடையில் சும்மா பேச்சுவாக்கில் சொன்னார், கீழே இத்தனை மாடு செத்தும் மலை மேல் பட்டிகளில் ஒரு கன்றுக்குட்டிகூடத் தும்மவில்லை என்று. கேட்டவர்கள், அப்படியா, குளிர்காற்று போலிருக்கிறது என்றார்கள். சென்னியப்பன் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். தோணுகிறதை வைத்து வியாபாரம் பண்ண முடியுமா என்று தான் சிரித்த சிரிப்பு தன் காதிலேயே கேட்டது. அவளுக்குச் சரியாகத்தான் தோன்றியிருக்கிறது. அந்தப் பசுக்கள் இந்நேரம் அரைவயிற்றோடு உயிரோடு மேய்ந்துகொண்டிருக்கும். அவளிடமிருந்து பசுக்களை மட்டுமா பிடுங்கினான், அவள் செய்திருக்க வேண்டிய முடிவையும் அல்லவா பிடுங்கினான்.

அம்மை அடங்கிச் சந்தை மறுபடி கூடிய முதல் வியாழக்கிழமை செங்கோடன் வந்தான். மாடு எதுவும் ஓட்டி வரவில்லை, வாங்கவும் வரவில்லை. வீட்டில் காலிக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல் வந்திருப்பான். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவனை டீக்கடைக்காரர் விடவில்லை.

"ஏப்பா, மூணாங்கையே விக்கச் சொன்ன மாட்ட எவனாச்சும் வாங்குவானா? உனக்கு அறிவு எங்க போச்சு?"

கூட்டம் சிரித்தது. "பேராசைங்க, வேறென்ன!" என்றார் ஒருவர், பாலில் தண்ணீர் கலக்கிறவர்தான். செங்கோடன் தலையைக் குனிந்துகொண்டான். ஒரு வார்த்தை பேசினால் போதும், சென்னியப்பனின் மானம் அங்கேயே கப்பலேறியிருக்கும். பேசினால் தன் கள்ளமும் சேர்ந்து வெளியே வரும் என்பதால் அவன் பேசவில்லை. நிமிர்ந்து, கூட்டத்துக்கு அந்தப் பக்கம் துண்டோடு நின்ற சென்னியப்பனை ஒரு தடவை பார்த்தான், அவ்வளவுதான். செங்கோடனின் பெஞ்சுக்கு இரண்டடி தள்ளி, ஒரு கன்றாவது வாங்கலாமா என்று மூணாங்கையைக் கேட்க வந்த பாவாத்தாள் நின்றிருந்தாள்.

அந்தப் பார்வையைச் சென்னியப்பனால் தாங்க முடியவில்லை. யோக்கியன் ஆகிவிட வேண்டும் என்றெல்லாம் அவன் நினைக்கவில்லை; இன்னும் ஒரு நிமிஷம் இப்படி நிற்க உடம்பில் தெம்பில்லை, அதுதான் நிஜம்.

"அவனப் பாத்துச் சிரிக்காதீங்க" என்றான். கூட்டத்தின் சிரிப்பில் அது எடுபடவில்லை. மறுபடி சொன்னான். "அன்னைக்குக் கை விக்கச் சொல்லலீங்க. அதுக்குத் தெரியலீங்க. நான்தான் பொய் சொன்னேன். அப்பறம் கை வரவே இல்லீங்க. இத்தன வாரமும் உங்க வெரலையெல்லாம் இழுத்தது நான்தானுங்க."

டீ ஆற்றுகிற சத்தம் நின்றது. பாலில் தண்ணீர் கலக்கிறவர் தொண்டையைச் செருமினார். "எனக்கும் வரலீங்க" என்றார். வரப்பைத் தள்ளி வைத்தவர், "எனக்கும்தானுங்க" என்றார். எனக்கும், எனக்கும் என்று கடலை வறுபடுகிற மாதிரி நாலாபக்கமும் வெடித்துக் கிளம்பி, பாவம் தனக்கு மட்டும் இல்லை என்று தெரிந்த சந்தோஷத்தில் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டு சிரிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களுடைய வெட்கம் அங்கேயே உதிர்ந்து போயிற்று. சென்னியப்பனை ஒருவரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

பாவாத்தாள் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவன் எதிரில் வந்து நின்றாள்.

"தெரியலைன்னு சொல்லுச்சுங்களா?"

"சொல்லுச்சு அம்மிணி."

"எப்படிச் சொல்லுச்சு?"

அதை வாயால் எப்படிச் சொல்வது? அவள் கையை நீட்டினாள். துண்டு இல்லாமல், சந்தை பார்க்க, வெட்டவெளியில் நீட்டினாள். "அது புடிச்ச மாதிரியே புடிச்சுக் காட்டுங்க" என்றாள்.

சென்னியப்பன் அவளுடைய ஆள்காட்டி விரலைப் பிடித்தான். நடித்துக் காட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை. அவன் கை தானாகவே நடுங்கியது, வியர்த்தது, விட மாட்டேன் என்று இறுக்கியது. அவள் அந்தக் கையைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள்.

"இதத்தானுங்கண்ணா நான் கேட்டேன்" என்றாள் கடைசியில். "எங்க போயிருந்தாலும் அதுக செத்திருக்கலாம். மலையில மழை வந்து அடிச்சுட்டுக்கூடப் போயிருக்கலாம். ஆனா நான் கூட இருந்திருப்பேனுங்க."

விரலை விடுவித்துக்கொண்டாள். பெஞ்சில் செங்கோடன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எது மொதல்ல போச்சுங்க?" என்று கேட்டாள். "மயிலைங்க" என்றான் அவன். "செவலை?" "அது கடைசி வரைக்கும் நின்னுதுங்க. படுக்கவே இல்லைங்க." அவன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவள் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டாள். டீக்கடைக்காரர் இருவருக்கும் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் நகர்ந்தார்.

சென்னியப்பன் நின்ற இடத்திலேயே நின்றான். அவர்கள் காலடியில் போய் உட்கார்ந்து தானும் கேட்பதா, கண் மறைவாக வீட்டுக்குப் போவதா என்று அவனுக்குத் தெரியவில்லை. எதைச் செய்தாலும் அவளுக்கு அது இன்னொரு தடவை வலிக்குமா என்றும் தெரியவில்லை. யாரும் அவனைப் போ என்று சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.